பின்சந்துக்கு எதிரே ஒரு ஜன்னல்

தன் வீட்டின் பின்பக்கம் பகல் வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்பதே தேவகிக்கு மறந்து போயிருந்தது. மலேசியாவின் பீடோங் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. காலையில் பசியாறிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினால், இருட்டிய பிறகுதான் வீடு. சேலையை ஒரே உதறலில் விரித்துக் காட்டுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. கணவர் புவனேஸ்வரன் லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் ஜொகூர் சாலையில்தான் இருப்பார். மகள் ஷாமளா சிங்கப்பூரில். ஆளுக்கொரு திசையில் இருந்ததால்தான் குடும்பம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியிருக்கிறது என்பது, நோய் வந்து நாட்டையே பூட்டிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

கடை மூடியது. லாரியும் நின்றது. ஷாமளா எல்லைக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டாள். சாமான் வாங்க வீட்டுக்கு ஒருவர்தான் போகலாம், அதுவும் குடும்பத் தலைவர்தான் போகவேண்டும் என்று ஆணை வந்தது. யார் தலைவர் என்பதில் புவனேஸ்வரனுக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருடமாக வெளியே வேலைக்குப் போய்வந்த தேவகி வாசல் இரும்புக் கதவுக்கு உள்ளே நிற்க, வெண்டைக்காயில் முற்றலுக்கும் பிஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாதவர் பை எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போனார்.

வீட்டுக்குள் இருந்தால் டிவி. நாள் முழுக்க நோய்க் கணக்கு. டிவியை விட்டு எழுந்தால் அடுப்படிக்கு வந்து நின்றுகொள்வார்.

"எண்ணெய் என்னா இவ்வளவு ஊத்துற?"

"நீங்க லாரில இருந்தப்ப யாரு அளந்து ஊத்துனா?"

அவளுக்குப் போக்கிடம் பின்பக்கம் ஒன்றுதான். முதலில் துணி காயப்போடுவதாகச் சொல்லிக்கொண்டு போனாள். பிறகு சாக்குச் சொல்வதையும் விட்டுவிட்டாள். யாரும் வைக்காத பசலை வேலி முழுக்கப் படர்ந்திருந்தது. குழாயடியில் மஞ்சள் முளைத்து நின்றது. எப்போதோ எறிந்த விதையிலிருந்து ஒரு பப்பாளி மரம் கூரை உயரத்துக்கு வளர்ந்து, கழுத்தைச் சுற்றிக் காய்த்திருந்தது. இவ்வளவும் தன் வீட்டில்தான் நடந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியவில்லை. அவள் புல்லைப் பிடுங்கினாள், மண்ணைக் கொத்தினாள். ஆனாலும் நாலு எட்டு வைத்தால் வேலி வந்துவிடும். வேலிக்கு அப்பால் குறுகலான பின்சந்து. சந்துக்கு எதிரே, தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் வெளிநாட்டுப் பையன்கள் தங்கும் மாடிக் கட்டடம்.

பப்பாளிக் காய்கள் குறைய ஆரம்பித்தன. பழம் போனால் பரவாயில்லை, பச்சைக் காயாகப் போயிற்று.

"முசாங் பூனதான் லா. ராத்திரி வந்து திங்கும்," என்றார் புவனேஸ்வரன்.

"முசாங் பழுத்ததத்தான் தேடித் தின்னும். பச்சக் காய அது என்னா செய்யும், கொழம்பா வைக்கும்?"

மறுநாள் மதியம் குளியலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்மாடி ஜன்னலிலிருந்து ஒரு நீண்ட குழாய் மெல்ல வெளியே வந்தது. இரண்டு மூன்று பிளாஸ்டிக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முனையில் ஒரு கம்பிக் கொக்கி, அதன் கீழே ஒரு துணிப்பை. கொக்கி பப்பாளிக் காம்பைத் திருகியது.

தேவகி பாய்ந்து வெளியே போனாள். "ஏய்! யாரது?"

குழாய் அந்தரத்தில் நின்றது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு முகம். வாயைத் துண்டால் கட்டியிருந்தான். வேலையிடத்துத் தமிழர்களிடம் ஒரு சொல் கற்றிருப்பான் போல. "அக்கா," என்றான். அதற்கு மேல் தமிழ் இல்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டி, "நாசி தாடா, அக்கா," என்றான். சோறு இல்லை.

உடைந்த மலாயில் மெல்ல மெல்லச் சொன்னான். உள்ளே ஒருவனுக்குக் காய்ச்சல். அன்றே முன்கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். முதலில் பொட்டலச் சாப்பாடு வந்தது. அப்புறம் ஒருவேளையாயிற்று. இப்போது வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அவன் பேசப் பேசப் பின்னால் இன்னும் சில தலைகள் தெரிந்தன.

தேவகி அடுப்படிக்குப் போய், இருந்த சோற்றைப் பொட்டலம் கட்டினாள். புவனேஸ்வரன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்குக் கிறுக்கா? நோய் வந்தா யாரு பாக்கிறது? போலீஸ் கேட்டா நான் என்னா சொல்ல?"

"நான் வெளிய போகலையே. என் வேலிக்குள்ளதான் நிக்கிறேன். குழாய்தான் வருது."

"அவனுங்க நமக்கு யாரு?"

"யாருமில்ல. பசிக்குதுங்கிறாங்க, அவ்வளவுதான்."

அவர் கையை விட்டுவிட்டுப் போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அதிலிருந்து தினமும் மதியம் குழாய் வரும். அவள் பையைக் கொக்கியில் மாட்டுவாள். சோறு, பசலைக்கீரைக் கடையல், சில நாள் சாம்பார். புவனேஸ்வரன் முணுமுணுத்தபடியேதான் பாசாருக்குப் போவார். ஆனால் திரும்பி வரும்போது பெரிய அரிசி மூட்டையும், கேட்காமலே சார்டின் மீன் டின்களும் இருந்தன.

பிறகு ஒரு காலையில் வெள்ளை அங்கி போட்டவர்கள் வந்தார்கள். சந்தின் இரு முனையிலும் முள்கம்பி விரித்தார்கள். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராக இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். எல்லோரும் முகத்தை மூடியிருந்ததால், தன்னை அக்கா என்றவன் யாரென்று தேவகிக்கு அடையாளம் தெரியவில்லை. வேலியைப் பிடித்தபடி எல்லோரையும் பார்த்துக் கையசைத்தாள். ஒருவரும் நிமிரவில்லை.

தேவகியின் வரிசை வீடுகளில் எல்லோருக்கும் மூக்கில் குச்சிவிட்டுச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை இருந்த நாட்கள்தான் கொடுமை. புவனேஸ்வரன் கூடத்தில் படுத்துக்கொண்டு அவளைப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். தனக்குத் தானே மெகி நூடுல்ஸ் கிண்டிக்கொண்டார்.

"சொன்னேன்ல? கேட்டியா?" கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு முறை கேட்டார்.

அவளுக்குத் தோட்டத்துக்கும் போக மனமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். ஷாமளா போனில் அழைத்தால், "நல்லாத்தான்மா இருக்கோம்," என்று வைத்துவிடுவாள். தொண்டை லேசாகக் கரகரத்தாலும் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செய்தது தப்பா என்று கேட்டுப் பார்த்தாள். தப்பில்லை என்றுதான் தோன்றியது. பயம் மட்டும் போகவில்லை.

இருவருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. புவனேஸ்வரன் பின்னறைக் கதவைத் திறந்து, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அந்தப் பையனுங்களுக்கு எப்படியாம்? எதும் தெரிஞ்சதா?"

"யாருகிட்ட கேக்கிறது?" என்றாள்.

கட்டடம் காலியாகவே கிடந்தது. அவர்கள் எங்கே போனார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

கட்டுப்பாடு நீங்கி, முள்கம்பியைச் சுருட்டிக்கொண்டு போன அன்று தேவகி யாரிடமும் சொல்லாமல் வெளியே கிளம்பினாள். மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை, நடந்தே போனாள். துணிக்கடை வாசலில் வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை தொங்கியது. கடையை மூடப்போவதாக முதலாளி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. கண்ணாடி வழியே வெற்று அலமாரிகளைப் பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கால்கள்தான் வலித்தன, நடந்து பழக்கம் விட்டிருந்தது.

போன் அடித்தது. புவனேஸ்வரன். "எங்க இருக்க? எப்ப வருவ?"

"வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகிற பாதையை விட்டு எதிர்ப்பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள்.