கால்வாய்க்குள் இறங்கிய குழாய்

சுற்றாடல் சட்டத்தில் முதுமாணிப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் நிர்வாகக் குழுத் தலைவரான சித்தப்பா எல்லா வீடுகளுக்கும் கேக் கொடுத்தார். "எங்கட பிள்ளை" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

கழிவுநீர்ச் சட்டங்களைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மழைக்குப் பிறகு பின்மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். எங்கள் மலக்குழியிலிருந்து ஒரு குழாய் நேரே கால்வாய்க்குள் இறங்கியிருந்தது. அக்கரையில் பலகை வீடுகள். வாசலில் நின்ற வெள்ளத்தைப் பெண்கள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"குழி நிரம்பினா வேற என்ன செய்யிறது?" என்றார்.

"அந்தத் தண்ணி அங்கால சனத்தின்ர வீட்டுக்குள்ள போகுது, சித்தப்பா. இது குற்றம்."

"படிச்சதைச் சோதினையில எழுது, பிள்ளை. வீட்டுக்குள்ள கொண்டுவராதை."

அன்றே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு என் பெயரைப் போட்டே முறைப்பாடு எழுதினேன். அவர் வந்து பார்த்து, குழாயை அடைக்கச் சொன்னார்.

அடைக்க வந்த மேசன்தான் அதை முன்பு பொருத்தியவராம். யார் பொருத்தச் சொன்னது என்று கேட்டேன்.

"உங்கட சித்தப்பாதான்," என்றார்.

லிஃப்டில் என்னைக் கண்டால் சித்தப்பா இப்போது போனைப் பார்க்கிறார். பார்க்கட்டும். எனக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.