ரேடியோவில் பேசக் கூடாத வயல்

நீடாமங்கலத்தில் எங்கள் மாடியில் ஆன்டெனா கட்டி உலகத்தில் உள்ள மற்ற ரேடியோக்காரர்களோடு பேசும் ஹாம் ரேடியோ நடத்திய காலத்தில், அதற்கான சட்டத்தை நான் திட்டாத நாள் இல்லை. வியாபாரம் பேசக் கூடாது. ரகசியச் சொல் வைத்துப் பேசக் கூடாது, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி திறந்தே பேச வேண்டும். சொந்த விஷயம் என்றால், போன் போடும் அளவுக்குப் பெறாத அற்ப விஷயமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் மனுஷன் எதைத்தான் பேசுவது?

கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போன என் தம்பியும் அங்கே லைசென்ஸ் வாங்கியிருந்தான். ஞாயிறுதோறும் பேசுவோம். வெயில், மழை, சிக்னல் எப்படி, அவ்வளவுதான். அவன் அங்கே வீடு வாங்க, இங்கே தன் பங்கு வயலை விற்கப் போகிறான் என்பதை தஞ்சாவூரில் இருந்த அவனுடைய மாமனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் வயலை ஒட்டிய வயல், நான்தான் உழுது நட்டுக்கொண்டிருந்தேன். சம்பா அறுப்பு வரை பொறு, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்ல வேண்டும். மாமனாரோ, "மாப்பிள்ளை வாயால சொல்லட்டும்ங்க" என்று கையை விரித்துவிட்டார். பூத்தில் போய் ஐ.எஸ்.டி. போட்டால் அங்கே ஆன்சரிங் மெஷின்தான் பேசியது. அதற்கும் பில் வந்தது. கடிதத்துக்கும் பதில் இல்லை.

ஒரு ஞாயிறு ரேடியோவில் அவனே ஆரம்பித்தான்.

"அண்ணா, என் பங்க இந்த மாசமே முடிச்சாகணும். வந்த வெலைக்குக் குடுத்துடச் சொல்லி மாமாகிட்ட பவர் பத்திரம் குடுத்துட்டேன்."

"டேய், அத இங்க பேசாத! லைசென்ஸ் போயிடும்!"

"யாருண்ணா கேக்கப் போறாங்க?" என்று சிரித்தான்.

பட்டென்று செட்டை அணைத்தேன். அறுப்பு வரை பொறு என்பதைச் சொல்லவே இல்லை.

"பகல்ல பக்கம் பாத்துப் பேசுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"நான் எங்கடி பேசினேன்? அவன்தான பேசினான்!" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

கடைத்தெருவில் ஒரு நிலத் தரகர் இருந்தார். சிற்றலை ரேடியோவில் எங்கள் பேச்சைக் கேட்பது அவருக்குப் பொழுதுபோக்கு. மறுநாள் நான் மறுபடியும் பூத்தில் மெஷினோடு மல்லுக்கட்டிய நேரத்தில், அவர் தஞ்சாவூர் போய் மாமனாரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பிறகு என்னை வழியில் பார்த்து, "தம்பி கொரலு கணீர்னு கேட்டுச்சு சார். அவசரம்னாரு, நாமதான ஒத்தாசை பண்ணணும்?" என்றார். சட்டத்தை மீறியவனுக்கு வீடு, காது கொடுத்தவருக்கு நிலம், ஒழுங்காக இருந்தவன் வாயில் மண்!

பத்திரம் பதிவாகிச் சில மாதம் கழித்து, தம்பி ரேடியோவில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணா, வயலப் பத்திப் பேசலாமா?"

விற்றது விற்றாகிவிட்டது, இனி அது வியாபாரம் இல்லை. "தாராளமா பேசலாம்டா" என்றேன்.

"இப்ப என்ன நட்டிருக்கு?"

"பிளாட் கல்லு."