சட்டைக் காலரில் ஒரு குரல்

பேருந்து நிறுவனத்தின் மூன்றாம் எண் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. எல்லாருக்கும் அவள் கார்டக்கா. பேருந்தில் ஏறும்போது கருவியில் தொட்டுக் காட்டும் பயண அட்டை மக்கர் செய்தால் அவளிடம்தான் வர வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். அவள் அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு செம்புக் கம்பி ஓரத்தைச் சுற்றி ஓடுவது மங்கலாகத் தெரியும்.

"பின் பாக்கெட்டுல வச்சுக்கிட்டே உக்காந்தீங்களா?"

"அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

"கம்பி முறிஞ்சு கிடக்குதே. இதுக்குள்ள பேட்டரியெல்லாம் கிடையாது. கருவி கிட்டப் போனதும் அதுகிட்டயே கொஞ்சம் சக்தியைக் கடன் வாங்கி, நான் இன்னாருன்னு சொல்லும். கம்பி முறிஞ்சா பாவம், வாயே திறக்காது."

சண்டைக்கு வந்தவர் சிரித்துவிட்டுப் போவார்.

அவள் கணவர் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர். யாராவது பெயர்ந்த சுவர்ச் சில்லையோ திரைச்சீலைத் துண்டையோ கொண்டுவந்து நீட்டினால், இயந்திரம் கலந்து கொடுத்ததை விரலில் தொட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு சொட்டு மஞ்சள்" என்பார். சொன்னால் சொன்னதுதான். அந்தக் கண்ணுக்கு ஐம்பத்து மூன்றாம் வயதில் கேடு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கருகிவிட்டது என்றார் டாக்டர். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம். அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் அவர் எதற்கும் வாயைத் திறந்து உதவி கேட்கவில்லை. "எல்லாம் நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு" என்பதுதான் தினமும் காலையில் அவர் பேசும் ஒரே வாக்கியம். அவளும் மனசில்லாமல் கிளம்புவாள்.

ஒரு மத்தியானம் கவுண்டரில் அவள் போன் அடித்தது. "கண்ணு எரியுது. காது மருந்தை விட்டுட்டேன் போலிருக்கு" என்றார். குரல் சிறுத்திருந்தது. வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நல்ல வேளை, ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவி விட்டதில் பெரிய சேதம் இல்லை. திரும்பும் வழியில் தெருமுனை மருந்துக் கடைக்காரம்மா புது பாட்டிலை எடுத்துக் கொடுத்தபடி, "அவரைச் சொல்லிக் குத்தமில்லம்மா. ரெண்டு பாட்டிலும் ஒரே உசரம், ஒரே மூடி" என்றாள். வீட்டுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது அவர் சொன்னார்:

"நான் தடவிப் பார்த்துட்டுத்தான் விட்டேன்."

அந்த ஒரு சொல் அவளைப் போட்டு உலுக்கிவிட்டது.

மறுநாள் வேலையில் கை ஓடவில்லை. மேசை இழுப்பறையில் வட்ட வட்டமாக ஒட்டுத்தாள்கள் ஒரு கட்டு கிடந்தன. நிறுத்தங்களில் ஒட்டி, பயணிகள் போனை அருகே கொண்டுபோனால் பேருந்து நேரத்தைக் காட்டுவதற்கென்று வந்த மாதிரிகள். பயண அட்டைக்குச் சொந்தத் தம்பிகள் என்று சொல்லலாம். அதே சுருள் கம்பி, அதே வித்தை. அவள் அதிகாரியிடம் போய் நின்றாள்.

"சார், இந்தப் பழைய மாதிரி ஒட்டுத்தாளை நான் எடுத்துக்கவா?"

"குப்பைக்குப் போக வேண்டியதும்மா. தாராளமா எடுத்துக்கோங்க."

அன்று மாலை கணவரின் போனில் அதற்கான செயலியைப் போட்டாள். காது மருந்து பாட்டிலில் ஒரு தாளை ஒட்டி, தன் குரலைப் பதிந்து, போனை அவர் கையில் கொடுத்தாள். "இதை பாட்டில் மேல வைங்க."

போன் அவள் குரலில் பேசியது: "இது காதுக்கு. இதைக் கண்ணுல விட்டீங்கன்னா நான் வேலையை விட்டுட்டு வீட்டோட உக்காந்துருவேன். அப்புறம் உங்க பாடு திண்டாட்டம்தான்."

அவர் முதலில் திகைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அவள் சட்டென்று சமையலறைக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உற்சாகத்தில் சர்க்கரை, உப்பு, பருப்பு என்று எல்லா எவர்சில்வர் டப்பாவிலும் ஒட்டிவிட்டாள். ஒன்றுகூட மூச்சு விடவில்லை. "என்ன, எல்லாம் உன்மேல கோவமா?" என்றார் அவர். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். 'அட்டையைச் சில்லறையோடு சேர்த்து வைக்காதீங்க, உலோகம் பட்டா படிக்காது' என்று தினம் ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவள்! எல்லாவற்றையும் உரித்து, சாமான்களைப் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றி அவற்றில் ஒட்டினாள்.

சட்டைகளுக்குத் துவைத்தாலும் கெடாத பொத்தான் மாதிரி ஒன்று, உள்ளே அதே சுருள் கம்பியோடு கிடைத்தது. அதைக் காலருக்கு உள்ளே தைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு சட்டையையும் கட்டிலில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இது நீலம்" என்று போனில் பதிந்தாள்.

"என்ன நீலம்?"

"நீலம்னா நீலம்தாங்க."

"நீலம்னு தனியா ஒரு கலர் கிடையாதும்மா. ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாரு. பச்சை பக்கம் சாயுதா, கறுப்பு பக்கம் சாயுதா?"

அவள் ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். நெடுநேரம் பார்த்தாள். "சாம்பல் கொஞ்சம் கலந்த மாதிரி இருக்கு. மழை விட்டதும் வானம் இருக்குமே, அப்படி."

"ஆங், தெரியுது" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. "காலர் ஓரத்துல வெளுத்திருக்கணுமே?"

"ஆமா, வெளுத்திருக்கு."

"அப்ப அது உன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது."

பதினோரு சட்டைக்கு முழுப் பகலும் போனது. இத்தனை வருடம் துவைத்து மடித்த சட்டைகளை அவள் அன்றுதான் பார்த்தாள். அவர் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

விஷயம் மருந்துக் கடைக்காரம்மாவின் காதுக்குப் போனது. கண் மங்கியவர்களின் மருந்துப் பெட்டிகளில் அவளும் இப்படி ஒட்டித் தர ஆசைப்பட்டாள். "சார் வந்து உக்காந்து சொல்லிக் கொடுத்தா நல்லாருக்கும். கை தடவிப் பார்க்கிறவருக்குத்தானே எங்க ஒட்டணும்னு தெரியும்?" என்று கேட்டாள். கணவர் இரண்டு நாள் பிகு பண்ணினார். மூன்றாம் நாள் மழை விட்ட வானச் சட்டையைத் தானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வாரத்தில் இரண்டு நாள் கடை ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. வருகிறவர்களிடம் முதலில், "யார் குரல்ல வேணும்?" என்று கேட்பார். வீட்டு ஆள் குரலாக இருக்க வேண்டும் என்பதில் கறார். மகளைக் கூட்டி வாருங்கள், பேரனைக் கூட்டி வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். ஒரு அம்மாள் மட்டும் தயங்கி நின்றார். "எனக்கு அப்படி யாரும் இல்லைங்க. நீங்களே சொல்லிடுங்க."

அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அந்த அம்மாளின் போனை வாய்க்கருகே பிடித்தார். "அக்கா, இது ரத்த அழுத்தத்துக்கு. காலையில ஒண்ணு. வெறும் வயித்துல போட்டுறாதீங்க, சாப்பிட்டுட்டுப் போடுங்க."

கணவரின் பார்வை அடுத்த இரண்டு வருடத்தில் இன்னும் குறைந்து, வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும் அளவில் நின்றது. ஆனால் அந்த இரண்டு நாளை அவர் தவறவிட்டதில்லை.

அந்த அம்மாள் மாதாமாதம் மருந்து வாங்க வருவார். வாசலில் நின்று, அவர் இருக்கும் பக்கம் குரல் கொடுப்பார்: "தம்பி, சாப்பிட்டுட்டுத்தான் போடுறேன்."

"சந்தோசம்க்கா. உக்காருங்க" என்பார் அவர்.

வேலை முடிந்து அழைத்துப்போக வரும் கார்டக்கா, அவர்கள் பேசி முடிக்கும்வரை கடை வாசலில் நின்றுகொண்டிருப்பாள்.