கல்லுக்குள் மாட்டிய காப்பு

கல் பதிக்கும் வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு ஒரே காரணம், என் கை ஒல்லியாக இருந்ததுதான். வேறு எந்தத் திறமையையும் யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை.

எழுபதுகளில் மழை ஏமாற்றிய வருஷம் அது. எங்கள் ஊர் எருத்தேன்பதியில் கடலைக்காடு காய்ந்து கிடந்தது. கிணற்றை ஆழப்படுத்தியதில் பாறையைக் கண்டோமே தவிர தண்ணீரைக் காணவில்லை. கடப்பாரை பழகிய ஆள் என்று, கோவிந்தாபுரம் போகிற வழியில் கட்டிக்கொண்டிருந்த சினிமா கொட்டகைக்கு என் வீட்டுக்காரரை மேஸ்திரி கூப்பிட்டார். முன்சுவர் முழுக்கக் கறுப்புக் கல் பலகை. கொட்டகை முதலாளி கோயமுத்தூரில் எங்கேயோ, சிமெண்டில் ஒட்டிய கல் பெயர்ந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர். ஒவ்வொரு பலகையையும் கொக்கி போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

சுவரில் பித்தளைக் கொக்கிகளை முதலிலேயே பதித்துவிடுவார்கள். பலகையின் பின்பக்கம் துளை இருக்கும். பலகையைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, அடியில் மர ஆப்பு வைத்து, என் வீட்டுக்காரர் கடப்பாரையால் தாங்கிக்கொள்வார். நான் பக்கத்திலிருந்து இடைவெளியில் கையை விட்டு, கொக்கியின் வளைந்த முனையைத் தடவித் துளையில் நுழைக்க வேண்டும். ஆம்பளைக் கை அங்கே போகாது. நான் கையை எடுத்த பிறகு அவர் பலகையை விட, அது கொக்கியில் போய் உட்காரும்.

எனக்கு அந்த வேலை துளியும் பிடிக்கவில்லை. கைதான் உள்ளே போகும், மூச்சு எனக்கு முட்டும். கல்யாணமாகி வந்த வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அம்மா வீட்டுக்கு ஒருநாள் போய்வரக் கேட்டால், "வேல முடியட்டும்" என்பார்கள். எந்த வேலை என்று சொல்ல மாட்டார்கள்.

இடது கையில் வெள்ளிக் காப்பு. கல்யாணத்தன்று அத்தை, அதாவது என் மாமியார், தன் கையாலேயே போட்டுவிட்டது. கல்லுக்குள் கை விடுவதற்கு முன் அதைக் கழற்றிச் சாரக்கம்பில் மாட்டிவைப்பேன். அத்தையும் கலவை தூக்க வந்து சேர்ந்த அன்று அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள, கட்டுனவன் எதுத்தாப்புல நிக்கறப்பவே கைய மொட்டையா வெச்சிருக்கறயே, நல்லாவா இருக்குது?"

"உள்ள மாட்டிக்குமுங்க அத்தை."

"ஊருல பொம்பளைக எல்லாம் காப்பக் கழட்டிப்போட்டா வேல செய்யறாங்க? எம்மகன் நல்லா இருக்கோணும்னு நெனப்பு இருந்தாச் செரி."

மகனோ கல்லைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். அம்மா பேச ஆரம்பித்தால் அவருக்குக் காது கேட்காது. நான் வயிறெரிந்துகொண்டே காப்பை மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அதோடுதான் கல்லுக்குள் கை விட்டேன்.

கல் ஏற்றி வந்த லாரியை எல்லைச் செக்போஸ்டில் நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று மேஸ்திரியும் மற்றவர்களும் கிளம்பிப் போனது ஒரு மத்தியானத்தில். நிறுத்திய பலகையை முடித்துவிடலாம் என்று நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். முனையைத் துளையில் நுழைத்துவிட்டுக் கையை இழுத்தேன். வரவில்லை. கொக்கி காப்புக்குள் புகுந்திருந்தது. நான் பதறி வெடுக்கென்று இழுத்ததில் பலகை அசைந்து அடி ஆப்பு நழுவியது. கல் சுவர்ப்பக்கம் சாய, என் வீட்டுக்காரர் கடப்பாரையைக் கொடுத்து நிறுத்தினார்.

"ஏனுங்க, கை வரமாட்டீங்குதுங்க!"

"இழுக்காத புள்ள! அசையாத!"

அவர் விட்டால் கல் என் மணிக்கட்டில் வந்து உட்காரும். ஆப்பும் கல்லுக்குப் பின்னால் யார் கைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அவர் தோளில் நரம்பு புடைத்து நின்றது. எனக்கு உள்ளே விரல்கள் வீங்கிக் காப்புக் கழலவில்லை. கையில்லாமல் அம்மா வீட்டுக்குப் போய் நிற்பதை நினைத்தேன்.

"அம்மா! பிளேடு கெடக்குது பாரு, காப்ப அறுத்துடு! ரொம்ப நேரந் தாங்காது!"

கம்பி அறுக்கும் பிளேடு அத்தையின் காலடியிலேயே கிடந்தது. அவர் குனியவில்லை. "எண்ணெ கொண்டாரட்டுமா சாமி? சோப்புப் போட்டா வந்துருமாட்ட..." என்றார்.

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் காப்பை அடுத்தவர் கை இறக்குவது, அவள் புருஷன் செத்த அன்றைக்குத்தான். மாமனார் போனபோது அத்தைக்கு அப்படித்தான் இறக்கினார்கள். இப்போது மகன் கண்ணெதிரே உயிரோடு நிற்க, மருமகள் காப்பை அவனைப் பெற்ற தாயே அறுக்க வேண்டும். அறு என்று கத்துவதும் அந்த மகன்தான். புரிந்ததே தவிர இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

"நீங்க போட்டதுதானுங்களே அத்தை? நீங்களே அறுங்க!"

அத்தை பிளேடை எடுத்தார். என் கையை ஒட்டி அவர் கை கல்லுக்குள் வந்தது. என் கையைவிட அது ஒல்லி என்று அப்போதுதான் தெரிந்தது. விரலால் காப்பைத் தேடிப் பிடித்து அறுக்க ஆரம்பித்தார்.

"தாயே, மாகாளி, இதக் கணக்குல வெக்காத தாயே. எம்மகன் நூறு வருசம் இருக்கோணும். இதக் கணக்குல வெக்காத."

பிளேடு என் தோலையும் கீறியது. வெள்ளி விட்டுக்கொடுத்தது. அத்தை காப்பை நெளித்துவிட்டுத் தன் கையை எடுக்க, நான் என் கையை இழுத்துக்கொண்டு பின்னால் விழுந்தேன். என் வீட்டுக்காரர் கடப்பாரையை விட்டார். கல் டக்கென்று கொக்கியில் போய் உட்கார்ந்தது. அறுந்த காப்பும் உள்ளேயே தங்கிவிட்டது. கல்லை உடைத்தால்தான் எடுக்க முடியும்.

எனக்கு அழுகை வந்தது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. மகனின் தோளையும் முதுகையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சந்தையிலேயே அத்தை புதுக் காப்பு வாங்கி வந்தார். முந்தையதைவிடச் சிறியது, தொங்கினால்தானே மாட்டும் என்றார். சோப்புப் போட்டு, எலும்பு நோக என் கையில் ஏற்றிவிட்டார். இனி அது கழலாது என்று போடும்போதே தெரிந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனதும் கலவைச் சட்டியை என்னிடம் நீட்டினார்.

"நீ இதத் தூக்கு. கல்லுக்குள்ள இனி நாங் கை உடறேன்."

"வேண்டாமுங்க அத்தை, பயமா இருக்குது."

"எங் கையில மாட்டறதுக்கு என்ன சாமி இருக்குது?"

நான் சட்டியைத் தூக்கிக்கொண்டேன். புதுக் காப்பு மணிக்கட்டைப் பிடித்தது. அத்தையின் கை முழங்கை வரைக்கும் கல்லுக்குள் போய், எதிலும் மாட்டாமல் திரும்பி வந்தது.