பங்குனி வெயிலில் ஹீட்டர்

பங்குனி மாதத்தில் ஹீட்டர் ஓடவில்லை என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் எவன்தான் சிரிக்க மாட்டான்? ஒரத்தநாட்டில் முதல் இரண்டு மெக்கானிக்குகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்றாவது ஆள் லியாகத் அலி. வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். அவன் மட்டும் சிரிக்காமல், "யாருக்குண்ணே குளிருது?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே துரைராசு அதன்பிறகு வேறு கடைப் பக்கம் போகவில்லை.

குளிர் அவர் மனைவி மங்களாம்பிகைக்கு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். போகும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டு போவாள். திரும்பும்போது பல் கிட்டித்துவிடும். ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு வருவதால் சிலருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் நர்ஸ். எத்தனை போர்வை போட்டாலும் நடுக்கம் நிற்காது. மாசியில் ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கியதும், "இந்தக் குளிரத் தாங்கிக்கிட்டு எதுக்குங்க உசுரோட இருக்கணும்? போதும். இனிமே நான் வரலை" என்றாள்.

அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் துரைராசு கண்ட உண்மை அது. போகாமல் நின்றுவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்பது இருவருக்குமே தெரியும்.

அந்த ராத்திரி முழுக்கப் புரண்டு கிடந்தவருக்கு விடியும்போது ஹீட்டர் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை கத்தாருக்குப் போனபோது விட்டுப்போன பழைய டீசல் கார் அது. ஏசி செத்து வருஷக்கணக்காகிறது. ஹீட்டர் பக்கம் யாரும் கையே வைத்ததில்லை. காவிரித் தண்ணீர் பாயும் ஊரில் ஹீட்டர் போட்டவன் எவன் இருக்கிறான்? போட்டுப் பார்த்தார். இன்ஜின் சூடேறியதும் இளஞ்சூடாகக் காற்று வந்தது. அடுத்த தடவை அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டு போனார். திரும்பும் வழியில் கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு அந்தக் காற்றை அவள் மேல் திருப்பினார். "இப்ப தேவலாங்க" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணயர்ந்தாள். துரைராசுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதி வழியில் ஃபேன் நின்றது. அப்புறம் ஓடியது. மறுபடி நின்றது.

லியாகத் பியூஸைப் பார்த்தான், சுவிட்சைக் கழற்றிப் பார்த்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் விட்டுப்போகும் காய்ச்சல் மாதிரி, ஃபேன் அவன் முன்னால் ஒழுங்காக ஓடிற்று. டேஷ்போர்டின் இடப்பக்க அடியைப் பிரித்து ஃபேனை வெளியே எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. உள்ளே இரண்டு கைப்பிடி உளுந்துச் சருகு.

அறுத்த உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவைத்து, போகிற வருகிற வண்டிச் சக்கரத்தில் காய் உடைய விடுவது இந்தப் பக்கத்து வழக்கம். வேற்றூர்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். துரைராசு மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். ஒதுங்க மனசு வராது. மெதுவாக ஏறி இறங்குவார், தெரிந்தவர் செடி என்றால் பின்னால் எடுத்து இன்னொரு தடவையும் ஏறுவார். பறந்த சருகையெல்லாம் ஃபேன் உறிஞ்சி வைத்திருந்தது.

"ஊருக்கெல்லாம் போரடிச்சுக் குடுத்திருக்கீங்கண்ணே, கூலி உள்ள கெடக்கு" என்றான் லியாகத்.

சுத்தம் செய்து மாட்டியபின் இரண்டு தடவை ஃபேன் நிற்கவே இல்லை. அந்த இரண்டு தடவையும் துரைராசு பட்ட பாட்டை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே பங்குனி வெயில், உள்ளே ஹீட்டர், ஏற்றிய கண்ணாடி. வேர்வை கண்ணில் இறங்கி ரோடு கலங்கியது. வயது அறுபத்தொன்று, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வேறு. இரண்டாம் தடவை ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கிடந்தார். அவள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார்.

மூன்றாம் தடவையிலிருந்து பழையபடி ஆரம்பித்தது. தஞ்சாவூரில் கிளம்பும்போது ஓடும், பாதி வழியில் நிற்கும். மறுநாள் காலையில் லியாகத் கடையில் மணி மாதிரி ஓடும். ஃபேன் மோட்டாரில் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றினான். எர்த் வயரைச் சுரண்டி முறுக்கினான். எதற்கும் மசியவில்லை. வயலுக்கும் அடுப்படிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக அலைந்து துரைராசுவுக்கு உடம்பில் தெம்பே இல்லாமல் போயிற்று. சனியனே, ஒருநாளாவது முழுசா ஓடித் தொலையேன் என்று காரிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

மங்களாம்பிகை நடுங்கிக்கொண்டே, "விடுங்க, அதைக் கட்டி அழுவானேன்? கண்ணாடிய எறக்குங்க" என்பாள். நல்லவேளை, வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் என்றைக்குச் சொல்வாளோ என்ற பயம் அவரை விடவில்லை.

கடைசியில் லியாகத், "வெள்ளிக்கிழம நானும் வர்றேண்ணே. நிக்கறப்பவே புடிச்சாத்தான் புடிக்க முடியும்" என்றான். அன்று அவன் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான், மங்களாம்பிகை பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். ஃபேன் தஞ்சாவூரிலிருந்து வீடு வரை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

அவள் இறங்கி உள்ளே போனபிறகு லியாகத் குனிந்து, முன்சீட்டில் கால் வைக்கும் இடத்துக்கு மேலே கைவிட்டுத் துழாவினான். "அண்ணி எப்பவும் இங்கதான் உக்காருவாங்களா?"

"ஆமா."

"சருகு எடுத்தன்னிக்கு கப்ளர நான் தொங்கலா விட்டுட்டேன் போலருக்கு. ஃபேனோட வயர் சேர்ற எடம். கால் பட்டாக் கழண்டுரும்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா கழண்ட கப்ளர் தானா மாட்டிக்காதுண்ணே. என் கடைக்கு வர்றப்பல்லாம் மாட்டித்தான் இருந்துச்சு."

அத்தோடு பஸ் ஏறப் போய்விட்டான்.

துரைராசு உள்ளே போனார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மாதமாகப் பேயாக அலைய விட்டிருக்கிறாள்.

"நீதான் கழட்டுனியா?"

"காலாலதான்." திரும்பவில்லை. "வீடு வந்தப்புறம் செருப்பு எடுக்கற சாக்குல மாட்டிடுவேன். சுவிட்சத் திருகுனா நீங்க மறுபடி போட்டுருவீங்களே."

"குளிரு தாங்கலைன்னு சொன்னவ நீதான?"

"ஆமா. புளியமரத்தடியில நீங்க கெடந்தத அதவிடத் தாங்க முடியல."

துரைராசு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.

"செவ்வாக்கெழம வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

"வராம?" என்றாள். "எனக்காகவா போயிட்டு வர்றேன்னு நெனச்சீங்க? அன்னிக்கே நின்னுருப்பேன். நான் இல்லாம நீங்க ஒத்தையில கெடந்து அல்லாடுவீங்களேன்னுதான் அங்க போய்க் கைய நீட்டிக்கிட்டுப் படுக்கறேன்."

துரைராசு அவள் முதுகில் போர்வையை இழுத்துவிட்டார். அவர் தோள் குலுங்குவது கட்டில் ஆட்டத்தில் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"ஃபேன் ஓடட்டும், நான் காலை மடக்கி வச்சுக்கறேன்" என்றாள். "உங்க பக்கத்துக் கண்ணாடிய மட்டும் எறக்கிக்கங்க."