ஜெயசித்ரா அக்காவின் பதினான்கு நாள்

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்று மூன்று வாரம் காத்திருந்து பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

லாஸ்பேட்டையில் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் ஜெயசித்ரா அக்கா இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். நான் தனம், அதே இடத்தில் லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்புகிறவள். அக்காவுக்கு வயது நாற்பத்தொன்பது. வீடு முத்தியால்பேட்டை, அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். கல்யாணம் பேசி முடிக்கிற நேரத்தில் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். ஒரே அண்ணன் ராமதாஸ் அதற்கு முன்பே பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்து பாரிஸ் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். ஒன்பது வருடம் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, பீத்துணி அலசியது அக்காதான். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. கல்யாணப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை, அந்த அண்ணனும்தான்.

இருபத்திரண்டு வருடம் கார் என்று சொன்னேனே, அதில் முக்கால்வாசி நேரம் அக்கா ஓட்டவே இல்லை. கற்றுத் தருகிறவருக்கு இடது பக்க சீட். காலடியில் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். கையில் ஒன்றும் கிடையாது. அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். போகிற தூரமும் ஏர்போர்ட் ரோடு, மிஞ்சினால் காலாப்பட்டு. போன வருடம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

“தனம், பிரான்சுல ஸ்டீரிங் இடது பக்கம்தானாம். நான் உக்கார்ற பக்கம். ஒரு தடவ அங்க போயி, மலை ரோட்டுல நானே ஓட்டிப் பாக்கணும்டி.”

அன்றிலிருந்து மூன்று மாதம் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதே வேலை. பாரிசில் இரண்டு நாள். அங்கிருந்து வேக ரயிலில் லியோன். இன்னொரு ரயில் மாறி அன்னெசி, ஏரிக்கரை ஊர். அங்கே வாடகைக் கார் எடுத்து ஆறு நாள் மலை கிராமங்கள். கிரனோபிளில் காரை விட்டுவிட்டு மறுபடி ரயில். நான் ஆட்டோமேட்டிக் வண்டியைக் காட்டினேன். “கியர் இல்லாத வண்டிய ஓட்டவா அவ்ளோ தூரம் போறேன்” என்று திட்டினார். மர்சேய் போகலாம், கடல் இருக்கிறது என்றேன். “கடல நான் தெனம் பாக்குறேன்” என்றார். வெளிநாட்டில் ஓட்டும் பெர்மிட்டை நான்தான் அலைந்து வாங்கிக் கொடுத்தேன். ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்று கார் கம்பெனிக்காரன் கேட்டான். அதற்காக அக்கா வங்கிக்கு நாலு நடை நடந்தார்.

எங்கள் ஊரில் பிரான்சுக்குப் போகிறவர்கள் அங்கிருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லாமல் போக மாட்டார்கள். போனால் அந்தப் பேச்சு சாகிற வரைக்கும் ஓயாது. அக்காவும் சொன்னார். அண்ணன் வீடியோ காலில் குதித்தார்.

“கூடப் பொறந்தவன் இங்க இருக்கேன், நீ ஓட்டல்ல தங்குறியா? ஊர்ல எவனாவது கேட்டா எம் மூஞ்ச எங்க வச்சிக்கிறது? நான் அத்தெஸ்தாசியோன் அனுப்புறேன், அத வச்சி விசா போடு.”

இவர் எங்கள் வீட்டில்தான் தங்குவார் என்று அங்கே நகராட்சியில் எழுதி வாங்கித் தரும் சான்றுதான் அத்தெஸ்தாசியோன். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் அதில்தான் போய் வருகிறார்கள். ஓட்டல் புக்கிங் இருந்தாலே விசாவுக்குப் போதும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அக்கா கேட்கவில்லை. அண்ணன் மனம் கோணக் கூடாதாம். முதலில் அவர் வீட்டில் நாலு நாள், பிறகு ரயிலும் காரும் என்று சொல்லி, தேதிகள் மாறுவதால் போட்டிருந்த ஓட்டல்களையெல்லாம் தன் கையாலேயே கேன்சல் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சான்று வந்தது. விண்ணப்பம் நிரப்புகிறவள் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். எண்பத்தைந்து நாள் போட்டிருந்தது.

“அக்கா, நாம சொன்னது பதினாலு நாளு.”

“தப்பா போட்டிருப்பாருடி.”

தப்பு ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமே அண்ணனின் மருமகள் சிந்துஜா வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“அத்தை, நீங்க வர்றது எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? பிரசவத்துக்கு எங்கம்மாவால வர முடியல. மூணு மாசமும் நீங்க எங்கூடவே இருப்பீங்கன்னு மாமா சொன்னாரு. பத்தியத்துக்குப் பூண்டும் சுக்கும் பால்சுறா கருவாடும் எடுத்துட்டு வாங்க. கொழந்தைய குளிப்பாட்ட உங்கள விட்டா இங்க யாருக்குத் தெரியும்?”

அக்கா அதை மூன்று முறை கேட்டார். நான்தான் கத்தினேன். ஒரு வார்த்தை கேட்காமல், சம்பளமில்லாத வேலைக்காரிக்கு நகராட்சியில் முத்திரை குத்தி வாங்கி அனுப்பியிருக்கிறாரே, இவரெல்லாம் ஒரு அண்ணனா என்று கத்தினேன். அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கேன்சல் செய்த ஓட்டல்களை ஒவ்வொன்றாக மறுபடி போட்டார். அன்னெசியில் பழைய ரூம் போய்விட்டிருந்தது, வேறொன்று கிடைத்தது. முடித்துவிட்டு ஸ்பீக்கரில் அண்ணனைக் கூப்பிட்டார்.

கற்க வருகிறவர்கள் வண்டியைப் பள்ளத்தில் இறக்கப் பார்க்கும்போது அக்காவுக்கு ஒரு குரல் வரும். சத்தம் ஏறாது. அந்தக் குரலில் பேசினார்.

“ண்ணா, ஒன் பேப்பர் வேணாம். ஓட்டல் போட்டுட்டேன். பதினாலு நாளுதான் வரேன்.”

“இன்னா பேசுற ஜெயா? புள்ளத்தாச்சிப் பொண்ண உட்டுட்டு ஊர் சுத்தப் போறியா?”

“நீ கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். கேக்கலியே.”

“கார்ல போவணும், அவ்ளோதான? பையன் ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிக்கினு போவான். பின்னாடி குந்தி நல்லா பாத்துக்க.”

“நான் ஓட்டணும்.”

“சரி, எக்கேடோ கெட்டுப் போ. ஆனா கூடப் பொறந்தவன் வீடு இருக்கும்போது ஓட்டல்ல தங்குறியே, இது ஒரு குடும்பத்துப் பொண்ணு செய்ற வேலையா?”

மறுபடி இறங்கிப் போய்விடுவாரோ என்று அக்காவைப் பார்த்தேன். அவர் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அம்மா படுத்துக் கெடந்தப்ப ஒரு தடவ வந்தியே, ஆறு நாளு. எங்க தங்குன?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொன்னார்.

“பீச்சாண்ட ஓட்டல்ல. வீட்ல நாத்தம் தாங்கலன்ன. பகல்ல வந்து பத்து நிமிசம் நின்னுட்டுப் போவ, அம்மாவுக்கு அது ஞாபகம் இருக்காது. ராத்திரி ஆனா எம் புள்ள எங்கடின்னு கேக்கும். அண்ணன் பிளைட்ல வந்துகினு இருக்குதுமா, தூங்குன்னு சொல்லுவேன். ஆறு ராத்திரியும் சொன்னேன்.”