பட்டம்மாள் ஏறி உட்கார்ந்த ஐஸ் பார்

வியாசர்பாடிக் குடியிருப்பில் வளர்ந்த செங்கொடி, திருவொற்றியூர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறாள். பாடப்புத்தகம் வந்து சேராத ஒரு வருஷம், இணையத்தில் அவளுக்கு ஒரு புத்தகம் அகப்பட்டது. காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கே திரும்பக் கொடுக்கலாம் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. நம்பாமல் மூன்று முறை படித்தாள்.

உராய்வுப் பாடத்தில் வகுப்பு படுத்துவிட்டது. கணக்கில் எவனோ பனிமலையில் சறுக்குவண்டி இழுத்துக்கொண்டிருந்தான்.

"பனிய எங்க மேடம் பாத்தோம்?" என்றான் கடைசி பெஞ்சு வெற்றி. "காசிமேட்ல ஐஸ் பாரை இஸ்துகினு போவாங்க. அத்த வேணா போடுங்க."

போட்டால்தான் என்ன? திருத்தலாம் என்றுதானே எழுதியிருக்கிறது!

சனிக்கிழமை காலை, பன்னிரண்டு மாணவர்களோடும் ஒரு வில்தராசோடும் செங்கொடி காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்றாள். மீன் விற்கும் பட்டம்மாள் விஷயத்தைக் கேட்டு, தன் ஐம்பது கிலோ ஐஸ் பாரையே இழுக்கக் கொடுத்தாள். ஈரத்தரையில் சீராக இழுத்தபோது தராசு நாலு கிலோ காட்டியது. ஐம்பதுக்கு நாலு, உராய்வுக் கெழு 0.08.

"இன்னா டீச்சரு, நான் மேல குந்திகினா எவ்ளோ காட்டும்?"

பட்டம்மாள் அறுபது கிலோ. பிள்ளைகள் கணக்குப் போட்டு எட்டே முக்கால் என்றார்கள். ஐஸ் மேல் கோணியை விரித்து, கூடையோடு ஏறப்போனவளைக் கெஞ்சிக் கூடையை இறக்கவைத்து, உட்காரவைத்து இழுத்தார்கள். முள் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. வெற்றி குதித்த குதியில் தராசு கைநழுவியது. ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு வந்து, இன்னொருதரம் இழுக்கச் சொன்னார்கள். எடை ஏறினாலும் கெழு மாறாது என்பதைச் செங்கொடி நாலு வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டு வந்தவள். அன்றைக்குத்தான் அவளுக்கே அது உடம்பில் சிலிர்த்தது.

இந்தக் கணக்கைத் தமிழில் எழுதி, புத்தகத்திலிருந்து பனிமலைக்காரனைத் தூக்கிவிட்டு, இணையத்தில் ஏற்றினார்கள். எழுதியவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, இனிஷியலோடு போடச் சொன்னாள் பட்டம்மாள்.

இரண்டு மாதம் கழித்துத் தூத்துக்குடிக் கல்லூரி ஆசிரியர் மேத்யூவிடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் துறைமுகத்திலும் இழுத்துப் பார்த்தார்களாம், 0.11 வருகிறதாம். உங்கள் தராசு சரிதானா என்று கேட்டிருந்தார்.

வகுப்பு கொதித்தது. எங்கள் தரையில் செதிள் வழுக்கும், அவர்கள் தரையைக் கழுவியிருப்பார்கள், தேய்ந்த சிமெண்டா சொரசொர சிமெண்டா என்று ஆளுக்கொரு காரணம் கத்த, செங்கொடி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி பதிலைத் தட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்து, அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை.